ஏழு ஹிட் பாயின்ட்டும் ஓர் ஓகரும்

முதல் லெவல் கேரக்டர்களுக்கு ஒரு சாகசம் எழுத வேண்டும் என்றதும் புதிய டன்ஜன் மாஸ்டர்கள் பலரின் கை தானாகவே எலிகளைத் தேடிப் போகிறது. சத்திரத்துக்குக் கீழே ஒரு நிலவறை, அதில் நாய் அளவு எலிகள், சத்திரக்காரர் பத்துப் பொற்காசு தருவார், போய் அடித்துவிட்டு வாருங்கள். கேரக்டர்களுக்குப் பலம் குறைவு, அதனால் எதிரிக்கும் பலம் குறைவாக இருக்கட்டும் என்கிற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது வேறு. முதல் முறையாக விளையாட வந்த நாலு பேர் மாறி மாறிப் பகடை உருட்டி, "பட்டுச்சு", "படலை" என்று முக்கால் மணி நேரத்தை ஓட்டுகிறார்கள். அப்புறம், இதற்கா இவ்வளவு பேச்சு என்ற முகத்தோடு எழுந்து போகிறார்கள்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம்; உலகத்தையும் அதில் உள்ள எல்லோரையும் அவர் பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர்; ஆட ஆட அதன் பலம் லெவல் லெவலாக ஏறும். "நான் கதவைத் தட்டுறேன்" என்று ஒருவர் சொன்னால் உள்ளே இருந்து யார் எட்டிப் பார்க்கிறார் என்று டிஎம் சொல்வார். ஒரு செயல் பலிக்குமா என்பது சந்தேகமாக இருக்கும்போது மட்டும் பகடை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு முதல் பிள்ளை. இன்றைக்கு இந்த வகையில் எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. நான் கீழே சொல்லும் எண்கள் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் உள்ளவை. என் மேஜையில் இன்னும் அந்தப் புத்தகம்தான்.

சரி, பலம் குறைவு என்றால் எவ்வளவு குறைவு? முதல் லெவல் மந்திரவாதிக்கு ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண், ஆறு; உடம்பு கொஞ்சம் வலுவாக இருந்தால் ஏழு. கோப்ளின் என்கிற சாதாரணக் குள்ள ஜந்துக்கும் ஏழுதான். கதையின் நாயகனும், கதையில் பெயர்கூட இல்லாமல் புதருக்குள்ளிருந்து வந்து சாகப்போகிறவனும் காகிதத்தில் ஒரே எடை. கோப்ளினின் வாள் அடிக்கு ஆறு முகப் பகடையோடு இரண்டு கூட்ட வேண்டும். அதாவது மூன்றிலிருந்து எட்டு வரை. மந்திரவாதியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவர் மேல் அடி பட எட்ட வேண்டிய எண், பன்னிரண்டு என்றால், கோப்ளினுக்கு உள்ள கூட்டல் நாலு போக இருபது முகப் பகடையில் எட்டோ அதற்கு மேலோ போட்டால் போதும், நூற்றுக்கு அறுபத்தைந்து வாய்ப்பு. அந்த அடி விழுந்தால், மூன்றில் ஒரு தடவை ஏழு ஹிட் பாயின்ட் மந்திரவாதியும் அங்கேயே சாய்ந்துவிடுவார்.

ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டால் அதே மந்திரவாதிக்கு இருபத்தேழு ஹிட் பாயின்ட் வரை இருக்கும். கூடவே இருக்கும் கிளெரிக், அதாவது கடவுள் அருளால் மந்திரம் போடும் பூசாரி, செத்து ஒரு நிமிடம் ஆகாதவரை உயிரோடு எழுப்பும் மந்திரத்தைக் கற்றிருப்பார். விளையாட்டின் மிக ஆபத்தான காலம் டிராகன் வரும் காலம் அல்ல. கோப்ளின் வரும் காலம். 'சின்ன ஆட்களுக்குச் சின்னச் சண்டை' என்று ஒன்று இந்த லெவலில் கிடையவே கிடையாது. எல்லாச் சண்டையும் பெரிய சண்டைதான். ஆட வந்தவர்களுக்குத்தான் அது தெரியாது.

டிஎம் கையேட்டில் சண்டையின் கடுமையைக் கணக்கிட ஒரு வழி உண்டு. எதிரிகளை முறியடித்தால் கிடைக்கும், லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளிகளைக் கூட்டி, எண்ணிக்கைக்கு ஏற்றபடி பெருக்கி, குழுவின் லெவலுக்கு உரிய வரம்போடு ஒப்பிட வேண்டும். முதல் லெவல் ஆட்கள் நாலு பேருக்கு 400ஐத் தொட்டால் அது 'டெட்லி', உயிர்ச்சேத வகை. ஒரு கோப்ளினுக்கு 50 புள்ளி. நாலு கோப்ளின் 200. கூட்டமாக வருவதால் இரண்டால் பெருக்கினால் 400. ஓகர் என்கிற பனை உயர முரட்டு ஜந்து ஒன்று தனியாக வந்தால் 450. ஆக, புத்தகக் கணக்கில் நாலு கோப்ளினும் ஓர் ஓகரும் கிட்டத்தட்ட ஒரே ஆபத்து.

ஆனால் கோப்ளினைப் பார்த்ததும் புது ஆட்டக்காரர் வாளை உருவுகிறார். ஓகரைப் பார்த்ததும், "இருங்க இருங்க, யாரும் அசையாதீங்க" என்கிறார்.

எனக்கு இந்த இரண்டாவது வாக்கியம் வேண்டும். முதல் சாகசத்தில் அது ஒரு தடவையாவது மேஜையில் கேட்க வேண்டும். ஆபத்து எப்படியும் இருக்கத்தான் போகிறது. அது கண்ணுக்கு முன்னால் பெரிதாக, மறைக்காமல், யோசிக்க நேரம் கொடுத்து நிற்கட்டும். கேரக்டர் ஷீட்டில் அதற்கு விடை இருக்கக் கூடாது. முதல் லெவல் ஷீட்டில் எழுதியிருப்பதே கொஞ்சம்தான்: இரண்டு ஆயுதம், இரண்டு மூன்று மந்திரம், ஒரு மூட்டைச் சாமான். பத்தாம் லெவலில் ஷீட்டே மூன்று பக்கம் போகும். பிரச்சினை வந்ததும் எல்லோரும் தலையைக் குனிந்து அதற்குள் தேடுவார்கள். காகிதத்தில் ஒன்றும் இல்லாத இந்த ஒரு லெவலில்தான் ஆட்டக்காரர்கள் தலையை நிமிர்த்தி அறையைப் பார்க்கிறார்கள். மேலே என்ன தொங்குது, தரை ஈரமா, அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள்.

முதல் லெவல் சாகசத்தில் ஓகரை வைப்பதா என்று திட்டுபவர்களுக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கைகாக்ஸ் எழுதிய 'த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' ஒன்றிலிருந்து மூன்றாம் லெவல் வரையிலானவர்களுக்கான சாகசம். 1981இல் டாம் மோல்ட்வே திருத்தி எழுதிய பேசிக், அதாவது தொடக்கக்காரர்களுக்கான விதிப் பெட்டிக்குள் அதையும் சேர்த்தே விற்றார்கள். எல்லைக் கோட்டை ஒன்று, சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு பக்கச் சரிவிலும் குகைகள், குகைக்கொரு கூட்டம். அந்தக் குகைகளில் ஒன்றில் ஓர் ஓகர் இருக்கிறது. பக்கத்துக் குகை கோப்ளின்களை யாராவது தாக்கினால், அவர்கள் 250 பொற்காசு உள்ள மூட்டை ஒன்றை ஓகரிடம் வீசுவார்கள். காசை வாங்கிக்கொண்டு அது அவர்களுக்காகச் சண்டைக்கு வரும். கூலிக்கு வரும் ஓகர் என்றால், கூடுதல் கூலிக்கு இந்தப் பக்கமும் வருமா என்ற கேள்வி தானாகவே எழுகிறது இல்லையா? அந்தச் சாகசத்தின் உயிர் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது. கோட்டையில் உள்ளவர்களுக்குப் பெயர்கூட வைக்காமல் பதவியை மட்டும் சொல்லிவிட்டுப் போனது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றும். ஆனால் அந்த 250 காசு மூட்டைக்காக மன்னித்துவிடலாம்.

அதே மோல்ட்வே விதிகளில் இன்னொரு நல்ல பழக்கம் இருந்தது. வழியில் ஏதாவது ஒரு ஜந்து எதிர்ப்பட்டால், அது என்ன மனநிலையில் இருக்கிறது என்று டிஎம் இரண்டு ஆறு முகப் பகடை உருட்டிப் பார்ப்பார். இரண்டு விழுந்தால் உடனே பாயும். மூன்று முதல் ஐந்து வரை விரோதம், பாயவும் கூடும். ஆறு முதல் எட்டு வரை குழப்பம், என்ன செய்வதென்று அதற்கே தெரியாது. ஒன்பது முதல் பதினொன்று வரை தாக்காது. விலகிப் போகும், அல்லது பேச்சுக்கு வரும். பன்னிரண்டு விழுந்தால் வலிய வந்து நட்பு பாராட்டும். இரண்டு பகடையில் முப்பத்தாறு சேர்க்கை. உடனே பாய்வது அதில் ஒன்றே ஒன்று. குழப்பத்தில் நிற்பது பதினாறு. அதாவது விதிப்படியே பார்த்தால் பெரும்பாலான ஜந்துகள் பார்த்த மாத்திரத்தில் சண்டைக்கு வருவதில்லை. பிற்காலத்து ஆட்டங்களில் எதிர்ப்பட்டவுடன் "இனிஷியேட்டிவ் உருட்டுங்க" என்று, சண்டையில் யார் முதலில் என்று தீர்மானிக்கும் பகடையைக் கேட்கும் அவசரம் எங்கிருந்து வந்ததோ! இந்தப் பழைய அட்டவணையை நான் ஐந்தாம் பதிப்பு ஆட்டத்திலும் அப்படியே பயன்படுத்துகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.

எதற்குப் புள்ளி கொடுக்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி. அந்தக் காலத்து விதியில் ஃபைட்டர் என்ற போர்வீரர் கேரக்டர் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 புள்ளி வேண்டும். ஒரு கோப்ளினைக் கொன்றால் ஐந்து. ஆனால் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. நானூறு கோப்ளினை வெட்டுவதா, ஒரு பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கிவருவதா? ஆட்டக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. கூலி எதற்கோ வேலையும் அதற்குத்தான். இன்றைய விதியில் புள்ளி பெரும்பாலும் எதிரியை முறியடித்ததற்கு வருகிறது. கோப்ளின்களை மட்டுமே நம்பினால் நாலு பேரும் இரண்டாம் லெவலைத் தொட இருபத்து நாலு கோப்ளின் வேண்டும். அதனால் முதல் சாகசத்துக்கு நான் புள்ளிக் கணக்கே வைப்பதில்லை. வந்த காரியம் எப்படியாவது முடிந்தால் எல்லோருக்கும் லெவல் ஏறும், அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கும் முன்பே அதைச் சொல்லியும் விடுவேன்.

2014இல் ஐந்தாம் பதிப்பின் ஸ்டார்ட்டர் செட்டோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' சாகசம் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தத் தலைமுறையில் நிறையப் பேர் ஆடத் தொடங்கியதே அதில்தான். சாலையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும், நெருங்கிப் போனால் புதருக்குள்ளிருந்து நாலு கோப்ளின் பாயும். மேலே போட்ட கணக்கின்படி நாலு பேர் உள்ள குழுவுக்கு அது டெட்லி! விளையாட்டு என்னவென்றே தெரியாதவர்களின் முதல் பத்து நிமிடத்தில். அந்தத் தொடக்கம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அடுத்து வரும் குகை அருமை. அங்கே தலைவனாக, கோப்ளினைவிடப் பெரிய முரடனான ஒரு பக்பேர் இருக்கிறான், அவனுக்கு அடுத்த நிலையில் ஒரு கோப்ளின். பிணைக்கைதி ஒருவனைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க தலைவன் தலையைக் கொண்டு வாங்க, இவனை விட்டுடுறேன்" என்று அந்தக் கோப்ளின் பேரம் பேசுவான். அங்கே ஆட்டம் மூச்சு விடத் தொடங்கும். பேரத்தை ஏற்பதா, ஏற்பது போல் நடிப்பதா, கைதியை எப்படியாவது இழுத்துக்கொண்டு ஓடுவதா என்று ஆட்டக்காரர்கள் டிஎம்மை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போடுவார்கள்.

என் சொந்தச் சாகசம் ஒன்று இருக்கிறது, புது ஆட்களுக்கு நான் எப்போதும் எடுப்பது. அதன் பெயர் 'கணவாய் மணி'. யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம் என்பதால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

மலைக் கணவாய் ஒன்றின் வாயில் கைவிடப்பட்ட காவல் கோபுரம். காவலர்கள் போய் ஒரு தலைமுறை ஆயிற்று. சில வாரங்களாக இரவில் அதன் மணி அடிக்கிறது. கீழே உள்ள ஊரில் யாருக்கும் தூக்கமில்லை. வியாபாரிகள் பேய் என்று பயந்து கணவாயைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஊர்த்தலைவி கேரக்டர்களைக் கூப்பிட்டு, மணிச் சத்தத்தை நிறுத்தினால் ஐம்பது பொற்காசு என்கிறாள். வேறெதுவும் அவளுக்குத் தெரியாது. பொய்யும் சொல்லவில்லை. (வேலை கொடுப்பவரே கடைசியில் வில்லனாக மாறும் கதையை முதல் ஆட்டத்தில் வைக்காதீர்கள். ஒரு தடவை சூடு பட்ட ஆட்டக்காரர் அதற்கப்புறம் எந்த ஊரிலும் எவரையும் நம்ப மாட்டார்.)

உள்ளே நடப்பது இதுதான். கோபுரத்துக்குக் கீழே பழைய வெள்ளிச் சுரங்கம். அதில் ஒரு கோப்ளின் குடும்பம் இருந்தது. சுரங்கத்தின் அடியிலிருந்து ஓர் ஓகர் வந்து அவர்களைத் துரத்திவிட்டது. மிஞ்சிய ஆறு பேர் கோபுரத்தில் ஏறி, கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டார்கள். ஓகரால் அந்த மணிச் சத்தத்தைத் தாங்க முடியாது, காதைப் பொத்திக்கொண்டு சுரங்கத்துக்குள் திரும்பிவிடும். அதனால் அது மேலே வரும் ஒவ்வோர் இரவும் கோப்ளின்கள் மணியடிக்கிறார்கள். மணி நின்றால் முதலில் கோப்ளின்கள் சாவார்கள். அடுத்த ராத்திரி ஓகர் ஊருக்குள் வரும்.

ஆக, கொடுத்த வேலையை அப்படியே செய்தால் ஊர் அழியும். இதை ஆட்டக்காரர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் புதிதாக எழுதுபவர்கள் ஒரே ஒரு தடயத்தை ஒளித்துவைத்து, அதைப் பார்க்கப் பெர்செப்ஷன் (கூர்ந்து கவனிக்கும் திறன்) பகடை, இலக்கு பதினைந்து என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டல் எதுவும் இல்லாத ஒருவருக்கு அது நூற்றுக்கு முப்பதுதான். நாலு பேரும் முயன்றாலும், ஏறக்குறைய நாலில் ஒரு மேஜையில் ஒருவருக்கும் கிடைக்காமல் போகும். கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். நான் தடயங்களுக்குப் பகடையே கேட்பதில்லை. கோபுரக் கதவுக்குக் கிட்டே போனாலே தெரியும்: மரம் வெளியிலிருந்து உள்நோக்கி நசுங்கியிருக்கிறது, ஆள் தலைக்கு இரண்டு முழம் மேலே. பாதையில் ஓர் ஆட்டின் எலும்பு, தொடை எலும்பு குச்சி மாதிரி இரண்டாக ஒடிந்து. ஆடு மேய்க்கும் பையனிடம் பேசினால், "முதல்ல நாய்ங்க குரைக்கும், அப்புறம்தான் மணி அடிக்கும்" என்பான். இவற்றில் எதைத் தவறவிட்டாலும் இன்னொன்று காலில் இடறும்.

உள்ளே போக மூன்று வழி. அடைத்த கதவை உடைக்கலாம், சத்தம் ஊரைக் கூட்டும். பின்பக்கம் சரிந்த சுவரில் ஏறலாம், விழுந்தால் அடிபடும். அல்லது சாக்கடைச் சுரங்கம் வழியாகத் தவழலாம். நாற்றத்தைத் தவிர ஆபத்தில்லை, ஆனால் அது வெள்ளிச் சுரங்கத்தின் வாயை ஒட்டிப் போகிறது, உள்ளே ஏதோ பெரிதாக மூச்சு விடுவது கேட்கும். எந்த வழியும் தவறான வழி இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தியைச் சொல்லும்.

போன முறை இதை ஆடியபோது ஒரு குழு சாக்கடையைத் தேர்ந்தெடுத்தது. நாலு பேரில் மூன்று பேர் இந்த மாதிரி விளையாட்டையே முதல் தடவை ஆடுகிறவர்கள். மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் மந்திரவாதி, ஃபைட்டரின் சட்டையைப் பிடித்து இழுத்ததாகச் சொன்னார். படியேறி மணி அறையை எட்டிப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: ஒரு குட்டி கோப்ளின் மணிக்கயிற்றில் தொங்கி இழுத்துக்கொண்டிருக்கிறான், அவன் முதுகு உங்கள் பக்கம், காதில் மெழுகு அடைத்திருக்கிறான், கயிறு நடுவில் நைந்து இரண்டு புரியில்தான் நிற்கிறது.

திருடி கேரக்டரை ஆடிய பெண் பகடையைக் கையில் எடுத்தாள். ஒளிந்து போகும் ஸ்டெல்த் எண்ணைத் தன் ஷீட்டில் தேடினாள். சட்டென்று நிறுத்தினாள்.

"காதை அடைச்சிருக்கான்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"மணியும் அடிச்சுக்கிட்டு இருக்கு."

"ஆமா."

"அப்போ நான் எதுக்குப் பதுங்கிப் போகணும்? நேரா நடந்து போறேன். பகடை போடணுமா?"

"வேண்டாம். நடந்து போங்க."

அவள் பகடையைக் கீழே வைத்தபோது மற்ற மூன்று பேரின் முகத்தையும் பார்த்தேன். அதுவரை அவர்களுக்கு இது ஷீட்டில் உள்ள எண்ணைக் கூட்டி உருட்டும் விளையாட்டாக இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து கேள்விகள் கொட்டின. மெழுகு எங்கிருந்து வந்தது? வேறு மெழுகு இருக்கா? மணி எவ்வளவு கனம்? ஃபைட்டர் தன் மூட்டைச் சாமான் பட்டியலை முதல் தடவையாகப் படித்துவிட்டு, "டேய், என்கிட்ட ஐம்பது அடிக் கயிறு இருக்குடா" என்று கத்தினான். எக்ஸ்ப்ளோரர் மூட்டை எடுத்த எல்லோரிடமும் அந்தக் கயிறு இருக்கிறது. ஆட்டம் முழுக்க யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால்தான் மணிக்கயிற்றை நைந்து போக வைத்தேன்.

குட்டி கோப்ளின் திரும்பிப் பார்த்தபோது அந்த இரட்டைப் பகடையை உருட்டினேன். ஏழு விழுந்தது. குழப்பம். அவன் கயிற்றையும் விடவில்லை, கத்தவும் இல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கீழே தரையைக் காட்டினான். கோப்ளின்களுக்குப் பொதுமொழி தெரியும், ஆனால் காதில் மெழுகு இருப்பவனிடம் எந்த மொழியில் பேசுவது? அவர்கள் ஜாடையிலேயே கால் மணி நேரம் பேசினார்கள். ஆட்டக்காரர்களும் நாற்காலியிலிருந்து எழுந்து நிஜமாகவே கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓகரைச் சண்டையில் வெல்ல முடியாதா என்று கேட்டால், முடியும். அதையும் மூடிவைக்கக் கூடாது. அதற்கு ஹிட் பாயின்ட் 59, ஆர்மர் கிளாஸ் வெறும் 11, அடிப்பது சுலபம். நாலு பேரும் நன்றாக அடித்தால் ரவுண்டுக்கு இருபது சொச்சம் இறங்கும், மூன்று ரவுண்டு. ஆனால் அதன் தடியடி இரண்டு எட்டு முகப் பகடையோடு நாலு, சராசரி 13. பன்னிரண்டு ஹிட் பாயின்ட் உள்ள ஃபைட்டரே ஒரே அடியில் சாய்வார். மந்திரவாதியின் கதை இன்னும் மோசம். பூஜ்யத்துக்கு இறங்கியது போக மிஞ்சும் அடி, ஒருவரின் முழு ஹிட் பாயின்ட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் விதிப்படி அந்த இடத்திலேயே மரணம். சாவோடு இழுபறி போடும் டெத் சேவ் பகடை வாய்ப்பெல்லாம் கிடையாது. ஏழு ஹிட் பாயின்ட்காரருக்குப் பதினாலு அடி போதும். ஓகர் அடித்து, அது பட்டால், 64 சேர்க்கைகளில் 28இல் அது நடக்கும். ஸ்லீப் மந்திரம் போட்டுத் தூங்கவைக்கலாமே என்று பழைய ஆட்டக்காரர் யாராவது சொல்வார். அது தூங்கவைக்கும் ஹிட் பாயின்ட் ஐந்து எட்டு முகப் பகடை அளவுதான், அதிகபட்சமே 40. முழு பலத்தோடு நிற்கும் ஓகர் கொட்டாவிகூட விடாது.

இந்த எண்களையெல்லாம் நான் ஆட்டக்காரர்களிடம் சொல்வதில்லை. ஆனால் அவை தரும் பயத்தைத் தாராளமாகச் சொல்வேன். சுரங்க வாயில் உள்ள தூணை ஓகர் போகிற போக்கில் தோளால் இடித்துச் சாய்த்துவிட்டுப் போவதை, யாரையும் தொடாத தூரத்தில், ஒரு தடவை காட்டிவிடுவேன். அதைப் பார்த்த பிறகும் வாளோடு ஓடுகிறவர் தெரிந்தே ஓடுகிறார். அவருக்காகச் சுரங்கத்துக்குள் கட்டிப்போட்ட கைதி ஒருவனை வைத்திருக்கிறேன், அடுத்த கேரக்டராக அவனை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு குழு மணியின் கொக்கியை அறுத்து ஓகரின் தலையில் போட்டது. கோபுரத்தின் நட்ட நடுவே தரை வரை வெட்டவெளி என்று நான்தான் சொல்லியிருந்தேன், மறுக்க முடியாது. கல் சரிந்து விழுவதற்குக் கையேடு சொல்லும் நாலு பத்து முகப் பகடை கொடுத்தேன், சராசரி 22. அன்றைக்கு விழுந்ததும் அந்தச் சுமாரில்தான். மணி போயிற்று, ஓகர் போகவில்லை! முப்பத்து சொச்சம் ஹிட் பாயின்ட்டோடு, இனி அதைத் தடுக்கச் சத்தமும் இல்லாமல், கோபத்தோடு மேலே பார்த்தது. அந்த இரவு ஓடியே உயிர் பிழைத்தார்கள். கோப்ளின் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது ஊர்த்தலைவியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒரே விவாதம். இன்னொரு குழு ஊர் கொல்லரிடம் போய்ச் சின்ன மணிகள் செய்யச் சொல்லி, அவற்றை ஆட்டிக்கொண்டே சுரங்கத்துக்குள் இறங்கி ஓகரை மறுபக்க வாய் வழியாகத் துரத்தியது. நான் அப்படி ஒரு மறுபக்க வாயை எழுதவே இல்லை. யோசனை நன்றாக இருந்ததால் அன்றைக்கு அங்கே ஒரு வாய் முளைத்தது.

சாக்கடை வழியாக வந்த அந்தக் குழு மூன்றாவது ஒரு வழியில் போனது. ஃபைட்டரின் ஐம்பது அடிக் கயிற்றை மணியில் கட்டினார்கள். கோப்ளின்களோடு ஒப்பந்தம்: அவர்கள் மணியடிப்பார்கள், ஊர் அவர்களுக்குச் சாப்பாடு அனுப்பும். ஊர்த்தலைவியை அதற்குச் சம்மதிக்க வைக்க அவளையே ஒரு ராத்திரி கோபுரத்துக்கு அழைத்துப்போய் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். சத்தம் நிற்கவில்லையே, ஐம்பது காசு எதற்கு என்று அவள் கேட்டாள். அரை மணி நேரப் பேரத்துக்குப் பிறகு முப்பதுக்குப் படிந்தது. ஒரு வாள்கூட உறையை விட்டு வரவில்லை, எல்லோருக்கும் லெவல் ஏறியது. இரண்டாம் லெவல் எண்களை ஷீட்டில் எழுதிக்கொண்டே மந்திரவாதி கேட்டார்: "அந்த ஓகர் முதல்ல சுரங்கத்தோட அடியிலதானே இருந்துச்சு? அதுபாட்டுக்கு அங்கேயே இருக்காம எதுக்கு மேல வந்துச்சு? அடியில என்ன இருக்கு?"

அடுத்த ஆட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அடியில் என்ன இருக்கிறது என்பதை நான் இனிமேல்தான் எழுத வேண்டும்.